அச்சடித்த பக்கம்

மயிலாப்பூர்,
8-9-1946

கர்த்தருக்குள் பிரியமான தங்கை ரூபவதிக்கு,

சுகிர்தம் அக்காள் எழுதிக்கொள்வது. நான் சுகம். சாயங்காலக் காய்ச்சல் இன்னும் வருகிறதா, இருமல் எப்படி, எடை ஏறியதா என்று மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுது. போன கடிதத்தில் செய்ததுபோல ‘தேவலை’ என்று ஒரே வார்த்தையில் என்னை ஏய்க்காதே. மதனப்பள்ளி க்ஷயரோக ஆஸ்பத்திரியில் முட்டை தருகிறார்களாமே, மூக்கைப் பிடித்துக்கொண்டாவது சாப்பிடு. இங்கே ரேஷன் அரிசியை மறுபடி குறைத்துவிட்டார்கள். கிடைக்கிற அரிசியிலும் கல் பொறுக்கவே ஒரு மணி நேரம் ஆகிறது. என் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு மணிக்கெல்லாம் வாடிப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வேளச்சேரிச் சமாசாரம் கேட்டிருந்தாய். நீ ஆஸ்பத்திரிக்குப் போன பிறகும் ஒரு ஞாயிறு தவறவில்லை. ஆராதனை முடிந்ததும் பஸ்ஸில் சைதாப்பேட்டை, அங்கிருந்து வெயிலில் நடை. குடையோடு நடந்து வரும் என்னை வழியில் மேயும் எருமைகளுக்குக்கூட அடையாளம் தெரிகிறது. சேரிப் பெண்கள் பதினான்கு பேர் படிக்க வருகிறார்கள். வெள்ளத்தின்போது கஞ்சி ஊற்றப் போன நாம் இருவரும் அன்றைக்கு ஆலயத்தில் முழங்காலிட்டு, ‘ஆண்டவரே, கஞ்சியோடு நிறுத்திவிட மாட்டோம்’ என்று சொன்னோமே, அதை நான் மறக்கவில்லை.

பெரிய சந்தோஷம் ஒன்று உண்டு. சேரிக்கென்று கிணறு தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். இனிமேல் தேசம்மாவும் மற்றவர்களும் ஊர்க் கிணற்றுக்கு எட்ட நின்று, யாராவது மனது வைத்துக் குடத்தில் ஊற்ற மாட்டார்களா என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஜூலையில் நான் எழுதிய ஜெபக் கடிதம் செய்த வேலை இது. நம் ஊழியத்தைப் பற்றி ஒரு தாளில் அச்சடித்துச் சபைகளுக்கெல்லாம் அனுப்பினோம். பாளையங்கோட்டையிலிருந்துகூடக் காணிக்கை வந்தது. உனக்கு அனுப்பிய பிரதி தபாலில் தவறிவிட்டது போலிருக்கிறது.

காகிதம்தான் குதிரைக் கொம்பாக இருக்கிறது. யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகியும் நோட்டு கிடையாது. சிலேட்டுகளும் உடைந்துவிட்டன. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ஜெபக் கடிதத்தில் மிஞ்சிய கட்டு என் அலமாரியில் கிடந்தது. ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் வெறுந்தாள். ஆளுக்கு நாலு தாள் கொடுத்து, வெறும் பக்கத்தில் எழுதிப் பழகச் சொல்லிவிட்டேன். என் சிக்கனத்தை நீயே மெச்சுவாய்.

ஒரே ஒரு குறை. தேசம்மாவும் அவள் மகள் கங்கம்மாவும் இரண்டு வாரமாக வகுப்புக்கு வரவில்லை. தேசம்மாதான் எல்லோரையும்விட நன்றாகப் படிக்கிறவள். கிணற்று மண் சுமக்கப் பெண்களைத் திரட்டியவளும் அவள்தான். நான் குடிசைக்கே போனேன். உள்ளே இருந்துகொண்டே, இல்லை என்று பக்கத்துக் குடிசைக்காரியை விட்டுச் சொல்லவைத்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது. வெயிலில் அத்தனை தூரம் நடந்து போகிறவளுக்கு இதுவா மரியாதை? உன் பேச்சுக்கு அவள் எப்போதும் மடங்குவாள். நீ ஒரு நாலு வரி எழுதிப் போடேன். உன் கையெழுத்தை அவளால் வாசிக்க முடியும்.

கர்த்தர் உன் நெஞ்சுக்குப் பலம் தருவாராக.

உன் அக்காள்,
சுகிர்தம்


மயிலாப்பூர்,
6-10-1946

பிரியமான ரூபா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. மூன்று தரம் பதில் எழுத உட்கார்ந்து மூன்று தரமும் கிழித்துப் போட்டேன். காகிதம் இல்லை என்று புலம்பினவள் செய்கிற காரியம்தான்.

நீ வேறெதுவும் கேட்கவில்லை. ‘முனியனைப் பற்றி ஜெபக் கடிதத்தில் என்ன எழுதினாய் அக்கா? பிரதி அனுப்பு’ என்று மட்டும் கேட்டிருந்தாய். தேசம்மா உனக்கு எழுதிவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன். இத்துடன் பிரதி வைத்திருக்கிறேன். அது தபாலில் தவறவில்லை. நான் அனுப்பவே இல்லை. தேசம்மாவின் புருஷன் முனியன் செத்த விதத்தை என்னிடம் சொன்னவளே நீ. உனக்கு எந்த முகத்தோடு அனுப்புவேன்?

மூன்று வருஷத்துக்கு முன் நீ தேசம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. மழையில் ஏரி நிரம்பிக் கரை கசிய ஆரம்பித்தது. மதகுப் பலகை சேறும் மரமும் அடைத்துத் திறக்க முடியாமல் போனது. ஊரில் யாரும் தண்ணீரில் இறங்கவில்லை. முனியன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மூழ்கினான். பலகை பெயர்ந்தது, தண்ணீர் வடிந்தது, கரை நின்றது. இழுத்தபோது அறுந்த கயிறுதான் வந்தது. ஆளை மறுநாள்தான் எடுத்தார்கள்.

நான் அச்சடித்தது இது: ‘தேசம்மாளின் கணவன் முனியன் பெருங்குடிகாரன். குடிவெறியில் ஏரியில் விழுந்து மாண்டான். இருளில் கிடந்த அந்தக் குடும்பத்துக்கு இன்று வெளிச்சம் கிடைத்திருக்கிறது.’

ஏன் என்று கேட்பாய். நானும் என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அதற்கு முன் இரண்டு ஜெபக் கடிதங்கள் உள்ளது உள்ளபடி எழுதினேன். ‘உங்களுக்காக ஜெபிக்கிறோம்’ என்று கார்டு வந்ததே தவிர, கிணற்றுக்கு ஒரு செங்கல் வரவில்லை. மதுவிலக்கு மறுபடி வரப்போகிறது, அதைப் பற்றி எழுதினால் சபைகள் கையைத் திறக்கும் என்று நம் ஊழியக் கமிட்டிச் செயலாளர் சொன்னார். அவர் பொய் எழுதச் சொல்லவில்லை. அதை நானேதான் செய்தேன்.

நம் ஆட்கள் சாட்சி சொல்வதை நீ கேட்டிருக்கிறாயே. ஆண்டவர் தந்த வெளிச்சம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று, முன்னால் இருந்த இருட்டைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள். சின்ன வயதில் மாங்காய் பறித்தவர் சாட்சியில் கொள்ளைக்காரர் ஆகிவிடுவார். நாம் இருவரும் பின்பெஞ்சில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறோம். ஆனால் அவர்கள் தங்கள் சொந்த இருட்டைத்தான் கூட்டினார்கள். நான் இன்னொருத்தியின் செத்துப்போன புருஷனை எடுத்துக் கறுப்புப் பூசினேன். பூசிவிட்டு, ரூபா, வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. சீமைக்கு அனுப்பிய ஆங்கிலப் பிரதியில் பெயர்களை மாற்றிவிட்டேன். சீமையிலிருந்து யாராவது வந்து விசாரித்தால் சங்கடம் என்று அவ்வளவு முன்ஜாக்கிரதை. தமிழ்ப் பிரதியில் மாற்றவில்லை. அதை யார் வாசித்துவிடப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். மூன்று வருஷம் வெயிலில் நடந்து போய் அவளுக்கு அகரத்திலிருந்து சொல்லிக் கொடுத்தேன். ஆனால் அவள் வாசிப்பாள் என்று நான் நம்பவே இல்லை. அந்தத் தாள்களை என் கையாலேயே அவளிடம் கொடுத்தபோதும் அது எனக்குத் தோன்றவில்லை. வெறும் பக்கத்தில் எழுது என்றேன். அச்சடித்த பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாள் என்று நினைக்காத நான் என்ன டீச்சர்?

போன ஞாயிறு மறுபடி போனேன். தேசம்மா வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். இந்தத் தரம் ஒளியவில்லை. உள்ளே போய் அந்தத் தாளை எடுத்து வந்தாள். நான் சொல்லிக் கொடுத்தபடியே வார்த்தைக்கு அடியில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, அந்த மூன்று வரியையும் எனக்கு வாசித்துக் காட்டினாள். ஒரு எழுத்துத் தப்பவில்லை. வேறு எந்த நாளாயிருந்தாலும் நான் கைதட்டியிருப்பேன்.

கங்கம்மாதான் முதலில் வாசித்தாளாம். தகப்பன் போகும்போது அவளுக்கு ஏழு வயது. ‘நைனா குட்சிட்டா செத்துச்சின்னு என்னக் கேக்குது. நான் இன்னான்னு சொல்றது? டீச்சரம்மா பொய் எயுதிச்சின்னு சொல்றதா, உங்கப்பன் குடிகாரன்னு சொல்றதா?’ என்று தேசம்மா கேட்டாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நான் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை, பிடிக்கவும் இல்லை. ‘இங்க குட்சையில வந்து சொன்னா யாருக்குத் தெரியும்? எத்தினி பேரு இத்தப் படிச்சாங்களோ அத்தினி பேருக்கும் சொல்லுங்க. அதுவரிக்கும் இந்தக் கெணத்துக்கு நான் மண்ணு சொமக்க மாட்டேன்’ என்று சொல்லிவிட்டாள். மற்றப் பெண்களும் கூடையைக் கவிழ்த்துவிட்டார்கள். பத்தடியில் கிணறு நிற்கிறது.

நம் குருவானவரிடம் போய்ச் சொன்னேன். பெருமூச்சு விட்டு, நோக்கம் நல்லதுதானே அம்மா, விஷயம் வெளியே போனால் ஊழியத்துக்கே கெட்ட பெயர், அந்தப் பெண்ணைத் தனியாகச் சமாதானப்படுத்துங்கள் என்றார். செயலாளரும் அதையே கொஞ்சம் கடுமையாகச் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இம்மாதம் கடைசி ஞாயிறு அறுப்பின் பண்டிகை. சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து உள்ளதைச் சொல்லிவிடப் போகிறேன். தேசம்மாவையும் வரச் சொல்லியிருக்கிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. என்னை வெறுக்காதே என்று கேட்க நினைத்தேன், கேட்க வாய் வரவில்லை.

சுகிர்தம்


மயிலாப்பூர்,
25-11-1946

பிரியமான ரூபா,

நீ என்னைத் திட்டாமல் எழுதியிருந்தாய். எடை இரண்டு பவுண்டு குறைந்துவிட்டதென்று கடைசியில் ஒரு வரி போட்டிருந்தாய். அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். என் கடிதம்தான் குறைத்ததோ என்று இருக்கிறது. இருந்தாலும் பாதி சொல்லி நிறுத்துவது உன் உடம்புக்கு இன்னும் ஆகாது என்று மீதியையும் எழுதுகிறேன்.

பண்டிகை அன்று ஆலயம் நிறைந்திருந்தது. விளைச்சல் காணிக்கையாக ஏலத்துக்கு வந்த வாழைத்தார், பரங்கிக்காய், காலைக் கட்டிய கோழிகள் எல்லாம் பலிபீடத்துக்கு முன்னால் குவிந்திருந்தன. தேசம்மா கங்கம்மாவோடு வந்து பின்வாசல் ஓரமாக நின்றாள். உள்ளே வந்து உட்காரச் சொல்லி ஒருவரும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை, நான் என்ன பேசுவது என்ற கவலையில் இருந்தேன்.

எழுந்து பேசினேன். ஒரு ஏழைச் சகோதரியைப் பற்றி நான் பொய் எழுதிவிட்டேன், அவளுடைய கணவர் மேல் வீண்பழி போட்டேன், நான் பாவி என்றேன். சொல்லும்போதே அழுகை வந்தது. நிஜமான அழுகைதான், சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் சபையில் ஒருவர் ‘ஸ்தோத்திரம்’ என்றதும் என் குரல் தானாக ஏறியது. என் கர்வத்தைப் பற்றி, என் இருண்ட இருதயத்தைப் பற்றி, கர்த்தர் என்னை நொறுக்கியதைப் பற்றி மளமளவென்று வார்த்தை வந்தது. நான் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தேன், ரூபா. வழக்கம்போல நன்றாகவே சொன்னேன். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

முடிந்ததும் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். இவ்வளவு தாழ்மை யாருக்கு வரும் என்றார்கள். என்னைக் கடிந்த செயலாளரே வந்து, இதுவல்லவா சாட்சி என்றார். ஏலத்தில் எடுத்த பெரிய பரங்கிக்காய் ஒன்றை ஒரு அம்மாள் என் கையில் வைத்து ஆசீர்வதித்தாள். அந்தப் பரங்கிக்காயைச் சுமந்துகொண்டுதான் வாசலில் நின்ற தேசம்மா முன்னால் போய் நின்றேன்.

அவள் என்னையும் பரங்கிக்காயையும் பார்த்தாள். ‘அய்தீங்க, பாத்தேன். அல்லாரும் உங்களத் தேத்திக்கினு இருந்தாங்க. அவரு பேர நீங்க ஒரு வாட்டி கூடச் சொல்லல டீச்சரம்மா’ என்றாள். கங்கம்மா அம்மாவின் கையைப் பிடித்து, போகலாம் என்று இழுத்தாள்.

வாஸ்தவம். பழி போட்டபோது பெயரை அச்சடித்தேன். பழியை எடுக்கும்போது பெயரை விழுங்கிவிட்டேன். மதகைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அங்கே கூடியிருந்த அத்தனை பேரும் என்னை நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அவரைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு வேளச்சேரிக்கு நடந்தேன். அந்தத் தாளை மறுத்து இன்னொரு தாள் அச்சடிக்கிறேன், என்ன எழுத வேண்டும் என்று நீயே சொல் என்று தேசம்மாவிடம் கேட்டேன். ‘சொல்றது இன்னாத்துக்கு? நானே எயுதறேன். நீங்க ஒண்ணும் சேக்காதீங்க’ என்றாள். ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள். கங்கம்மா கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள்.

அதை மேஜையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பேனா கையில் இருந்தது. முடிவில் ‘கர்த்தருடைய கிருபையால்’ என்று ஒரு வரி சேர்த்தால் நம் ஜனங்கள் பிரியமாக வாங்கிப் படிப்பார்களே என்று தோன்றியது. இத்தனைக்குப் பிறகும் தோன்றியது, பார். பேனாவை மூடி மேஜை அறைக்குள் போட்டுவிட்டு எழுந்து போனேன்.

ராயப்பேட்டையில் பீர் முஹம்மது சாயபு அச்சுக்கூடத்துக்கு எடுத்துப் போனேன். முதல் தாளை அச்சடித்ததும் அவர்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தவர், ரெண்டு காயிதத்திலும் வர்ற முனியன் ஒரே ஆளா என்று கேட்டார். ஆம் என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, ‘அந்தப் பொய்க்கு நானும்தானே அம்மா எழுத்துக் கோத்தேன்’ என்று சொல்லி, மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு அவரே உட்கார்ந்து கோத்தார். காகிதம் இல்லை. கல்யாணப் பத்திரிகை வெட்டியதில் மிஞ்சிய துண்டுகளில் அடித்துத் தந்தார். இத்துடன் ஒன்று வைத்திருக்கிறேன். உன் கண்ணுக்குச் சிரமம் இருந்தால் என்று இங்கேயும் எழுதுகிறேன்:

‘என் புருஷன் பேர் முனியன். அவர் குடித்ததில்லை. வெள்ளத்தில் வேளச்சேரி ஏரி மதகு அடைத்துக்கொண்டது. கயிறு கட்டி இறங்கி அவர் திறந்தார். ஊரும் சேரியும் பிழைத்தது. அவர் வரவில்லை. முன்னே அச்சடித்தது பொய். இதை எழுதினவள் தேசம்மா.’

மூன்று ஞாயிறாக ஆலய வாசலில் நின்று கொடுத்துவருகிறேன். சிலர் வாங்காமல் போகிறார்கள். அன்று எனக்காக மூக்கைச் சிந்தியவர்களில் பாதிப் பேருக்கு இப்போது என்னைக் கண்டால் வேறு பக்கம் வேலை வந்துவிடுகிறது. ஜூலையில் தாள் போன ஊர்களுக்கெல்லாம், பாளையங்கோட்டை உட்பட, தபாலில் அனுப்பிவிட்டேன். சீமைக்கும் ஆங்கிலத்தில் எழுதிப் போட்டேன், அதில் பெயர்களை மாற்றவில்லை. கமிட்டி என்னை ஊழியத்திலிருந்து விலக்கிவிட்டது. கிணற்றுக்கு வந்த காணிக்கையையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பத்தடிப் பள்ளத்தில் இப்போது மழைத் தண்ணீர் நிற்கிறதாம்.

‘நிற்கிறதாம்’ என்று எழுதுவதற்குக் காரணம், நான் சேரிக்குள் போகவில்லை. சாயபு சொல்லித்தான் தெரியும். தேசம்மாவும் பதிமூன்று பெண்களும் கிணற்றுக்காகக் கலெக்டருக்கு மனு எழுதியிருக்கிறார்களாம். நல்ல காகிதம் கேட்டு அவரிடம் வந்திருக்கிறார்கள். கைநாட்டு ஒன்றுகூட இல்லை, பதினாலும் கையெழுத்து என்று அவர் ஆச்சரியப்பட்டார். ஞாயிறு வகுப்பைத் தேசம்மா குடிசை வாசலில் அவர்களே நடத்துகிறார்களாம். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடாதது சரி. ஒரு ஞாயிறு பழக்க தோஷத்தில் ஏரிக்கரை வரை நடந்துவிட்டேன். மதகுக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றேன். கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தூரத்தில் பெண்கள் சேர்ந்து வாசிக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்துவிட்டேன்.

செப்டம்பரில் உன்னை அவளுக்கு எழுதச் சொன்னேன் அல்லவா? இப்போது அதே கையால் கேட்கிறேன், என் சார்பில் ஒரு வரியும் எழுதாதே. அக்காளை மன்னித்துவிடு என்று அவளிடம் கேட்காதே. உன்மேல் வைத்திருக்கும் பிரியத்தால் சரி என்று சொல்லிவிடுவாள். அப்படிக் கிடைப்பது எனக்கு வேண்டாம்.

வேறொன்று கேட்கிறேன். நடந்தது நடந்தபடி தேசம்மா கங்கம்மாவிடம் சொல்லித்தான் இருக்கிறாள். ஆனாலும் அந்தப் பிள்ளை தகப்பனைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் என் மூன்று வரியும் ஓரத்தில் வந்து நிற்குமே. அம்மா நம்மைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாளோ என்று ஒருநாள் சந்தேகம் வருமே. நான் போய்ச் சொன்னால் நம்ப மாட்டாள், ஏன் நம்ப வேண்டும்? நீ சொன்னால் நம்புவாள். உள்ளதை உள்ளபடி கேட்டுவந்து ஒரு சொல் கூட்டாமல் சொன்னவள் நீ ஒருத்திதான்.

ஆகையால் முட்டையைச் சாப்பிடு. டாக்டர் படுக்கச் சொன்னால் படு. குணமாகி வந்து இறங்கினதும் முதலில் வேளச்சேரிக்குப் போ, என் வீட்டுக்குப் பிறகு வரலாம், வராவிட்டாலும் சரி. கங்கம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அன்றைக்கு என்னிடம் சொன்னாயே, கயிறு கட்டினதிலிருந்து, அதை அப்படியே அவளிடம் சொல். அதற்காகவாவது பிழைத்து வா, ரூபா.

சுகிர்தம்